கைக்கேற்ற பாட்டுப்பெட்டி

பங்கு மக்களின் இல்லங்களைச் சந்தித்து வந்த ஒரு மாலைப்பொழுதில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர நேர்ந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பாடம் புகட்டியவர் அவர். ஞாயிறுதோறும் கோவிலில் ஆர்மோனியம் வாசித்தவரும் அவரே. கண் நீர் அழுத்த நோய் சிறிது சிறிதாக அவரது பார்வையைக் கவர்ந்துகொண்டுவிட்டது. துணைவியார் இறைவனடி சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பகலெல்லாம் அவருக்குத் துணையாக இருக்கக்கூடியது பாட்டு ஒன்றே.

ஆனால் அவரருகில் பாட்டு இல்லை. பேச்சற்றுக் கிடந்த இரண்டு கருவிகளே இருந்தன. ஒன்று, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன் தான் பயன்படுத்திய பின் தந்தைக்குக் கொடுத்த தொடுதிரை அலைபேசி. மற்றொன்று, சீட்டுப் பணத்திலிருந்து 2,300 ரூபாய் கொடுத்து வாங்கிய பளபளப்பான எம்.பி.3 பிளேயர்.

“தொட்டா எல்லாம் ஒரே கண்ணாடியா இருக்கு சாமி. எங்க தொட்டா பாட்டு வரும்னு கைக்குத் தெரியல. இந்தச் சின்னதுல பொத்தானே இல்ல. பேத்தி காலேஜ் விட்டு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கேன்” என்றார் பெரியவர்.

சற்று நேரத்தில் பேத்தி வந்தாள். “ஃபாதர், அம்மா தையல் தச்சுச் சேர்த்த பணம் 1,500 ரூபாய் இருக்கு. தாத்தாவுக்கு வேற ஒண்ணு வாங்கணும். இந்தத் தடவையும் ஏமாந்துடக் கூடாது. எதைப் பார்த்து வாங்கணும்?” என்று கேட்டாள்.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சிலருக்குச் சிறு தொகையாக இருக்கலாம். ஊசிமுனையில் கண்ணை வைத்து அதை ஈட்டிய தாய்க்கு அது சிறு தொகையன்று. அன்று அப்பெண்ணிடம் கூறியவற்றையே, இதே கேள்வியோடு கடை வாயிலில் நிற்கும் பிற குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரித்துரைக்கின்றேன்.

பாட்டு கைக்கு வந்த கதை

பாட்டைக் கையில் எடுத்துச் செல்லும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. 1954-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ரீஜென்சி டி.ஆர்.-1 என்னும் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. அது சட்டைப் பையில் அடங்கியது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாவைச் சிறு கேசட்டில் அடைத்துத் தந்தது. 1979 ஜூலை முதல் நாளன்று ஜப்பானில் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வெளிவந்தது. நடந்துகொண்டே தனியொருவர் பாட்டுக் கேட்கும் பழக்கம் அதன்பின் உலகெங்கும் பரவிற்று.

அடுத்த மாற்றத்தைக் கொணர்ந்தவர்கள் ஜெர்மானிய ஆய்வாளர்கள். ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக் கழகத்தாரின் பெரும் பங்களிப்புடன் உருவான எம்.பி.3 முறை, மனிதச் செவிக்கு எளிதில் புலப்படாத ஒலி நுணுக்கங்களை விலக்கிப் பாட்டின் பருமனைச் சுருக்குவது. குறுந்தகட்டில் ஒரு நொடிப் பாட்டுக்கு ஏறக்குறைய 14 இலட்சம் பிட்டுகள் செலவாகின்றன. எம்.பி.3 முறையில் 1,28,000 பிட்டுகளே கேட்கத்தக்க ஒலியைத் தந்துவிடுகின்றன. அஃதாவது பதினொன்றில் ஒரு பங்கு! 1998-இல் தென்கொரியாவிலிருந்து வந்த எம்.பி.மேன் என்னும் பெட்டி இம்முறையில் இயங்கிய முதல் கையடக்கக் கருவிகளுள் ஒன்று. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட், ஆயிரம் பாடல்களைச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்தது. அந்த ஐபாட் வரிசையும் 2022 மே மாதத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது.

இக்கதையினின்று நாம் கொள்ள வேண்டிய படிப்பினை ஒன்றுண்டு. பெட்டிகள் வரும், போகும். கருவியின் புகழைக் கண்டு மயங்குபவர் சில ஆண்டுகளில் வெறுங்கையராவார். பாடல்களைப் பொதுவான முறையில் சேமித்து வைப்பவரோ எந்தப் பெட்டியிலும் அவற்றைக் கேட்டு மகிழ்வார்.

முதற் கேள்வி: யாருடைய கைக்கு?

கடைக்குச் சென்றதும் நாம் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும், “இதில் என்னென்ன வசதி இருக்கிறது?” என்பதே. இங்கேதான் தவறு தொடங்குகிறது. எந்தக் கை அதைப் பிடிக்கப்போகிறது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்பட வேண்டும்.

தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கு இணையமற்ற, சட்டையில் செருகிக்கொள்ளும் சிறு பிளேயர் பொருத்தமானது. பாட்டுக் கேட்பதற்காக அலைபேசியைக் கையிலெடுத்தவன் ஒரு மணி நேரத்தை அதிலேயே தொலைக்கும் இடர் அதில் இல்லை. சமையலறையில் நிற்கும் தாய்க்குக் காதில் மாட்டும் கருவி தொல்லை. அவருக்கு ஸ்பீக்கர் உள்ளது வேண்டும். ஏற்கெனவே வீட்டில் பொத்தான் அலைபேசி இருப்பின், மெமரி கார்டு செருகும் இடம் அதில் உண்டா என்று முதலில் பாருங்கள். பல மாதிரிகளில் உண்டு. எனின், கார்டின் விலையோடு உங்கள் செலவு முடிந்தது.

பார்வை குன்றிய முதியவருக்கோ விரலுக்குத் தட்டுப்படும் பொத்தானே கண். தொடுதிரை எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அவருக்கு அது பூட்டிய கதவேயாம். நம் சந்தையில் எண் பொத்தான்கள் கொண்ட சிறு எஃப்.எம். ஸ்பீக்கர் பெட்டிகள் கிடைக்கின்றன. பென் டிரைவும் மெமரி கார்டும் அவற்றில் இயங்கும். 12 என்று அழுத்தினால் பன்னிரண்டாம் பாட்டு ஒலிக்கும். மினுமினுக்கும் விளக்குகளும் வண்ணங்களும் அவற்றில் மிகுதி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இயக்க முடிகிறதா என்பதே தேர்வு. கடையில் நின்றபடியே கண்ணை மூடி, ஓட்டவும், நிறுத்தவும், ஒலியைக் கூட்டவும் செய்து பாருங்கள். உங்களால் இயலாதது உங்கள் தந்தைக்கும் இயலாது.

முதியோருக்கு ஸ்பீக்கரே சிறந்தது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனித்திருப்பவரை வீட்டார் அழைப்பதில்லை. அவருக்கும் வீட்டின் ஓசை கேட்பதில்லை. திண்ணையில் ஒலிக்கும் பாட்டோ தெருவில் போகிறவரையும் ஒரு கணம் நிற்கச் செய்யும்.

எளிமையையே விரும்பும் முதியோர் பலர் உளர் என்பதை வணிகர்களும் அறிந்தே இருக்கின்றனர். 2017-இல் சரிகம நிறுவனம் ஐயாயிரம் இந்திப் பாடல்களை நிரப்பி வெளியிட்ட கர்வான் என்னும் பெட்டி பெரும் வரவேற்பைப் பெற்றது. பின்னர் தமிழ்ப் பாடல்களுடனும் அது வந்தது. வசதியுள்ளோர்க்கு அது நல்ல பொருளே. ஆனால் அதன் விலை எல்லார்க்கும் எட்டுவதன்று.

பேட்டரியும் பிற உறுப்புகளும்

மலிவான பெட்டிகள் பெரும்பாலும் பாழாவது பேட்டரியால்தான். உள்ளே பற்றவைத்து மூடப்பட்ட பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழக்கும்போது பெட்டி முழுவதையுமே தூக்கியெறிய நேரிடுகிறது. ஆதலின், பின்புற மூடியைத் திறந்து மாற்றக்கூடிய பேட்டரி உள்ளதா என்று கேளுங்கள். பழைய நோக்கியா அலைபேசிகளில் இருந்த பி.எல்.-5சி வகை பேட்டரியே சில பெட்டிகளில் பொருந்தும். சிற்றூரின் அலைபேசிக் கடையிலும் அது கிடைக்கும்.

பேட்டரி உப்பியிருந்தால் ஒரு நாளும் பயன்படுத்தலாகாது. வெயிலடிக்கும் சன்னலோரத்தில் பெட்டியை வைக்கலாகாது. சார்ஜர் தனியாக வாங்க நேர்ந்தால், அதன்மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண், ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்குவது, அச்சிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இரசீது கேட்டு வாங்குங்கள். குறையுள்ள பொருளை மாற்றித் தர மறுக்கும் கடையின் மீது 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். இரசீதில்லாதவரின் முறையீடு வலுவற்றது.

சிறு பெட்டிகள் சிலவற்றில் இயர்போனின் கம்பியே வானொலிக்கு ஏரியலாகப் பயன்படுகிறது. அதைச் செருகாவிடில் எஃப்.எம். இரைச்சலாகவே கேட்கும். இதையறியாது, நல்ல பெட்டியைக் கெட்டதென்று திருப்பிக் கொடுத்தோரும் உண்டு. விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடரும் வசதி உள்ளதா என்பதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பாட்டுக்கு அது இல்லாவிடினும் பாதகமில்லை. ஒரு மணி நேர உரையோ விவிலிய வாசிப்போ கேட்பவருக்கு அது இன்றியமையாதது.

நினைவகக் கணக்கு

“128 ஜி.பி. கார்டு வாங்குங்கள், 256 வாங்குங்கள்” என்று கடைக்காரர் வற்புறுத்துவார். சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் பதிந்த எம்.பி.3 பாட்டு, ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடம் கொள்ளும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஐந்து மெகாபைட். எனவே 32 ஜி.பி. கார்டு ஆறாயிரம் பாடல்களைக் கொள்ளும். அவற்றை நாள்தோறும் இரண்டு மணி நேரம் கேட்டாலும் முடிக்க எட்டு மாதங்களுக்கு மேலாகும்! ஒரு குடும்பத்திற்கு இது போதாதா?

மேலும், மலிவான பெட்டிகள் பல 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டை ஏற்பதில்லை. அதற்கு மேற்பட்டவை வேறொரு கோப்பு அமைப்பில் வருவதே இதற்குக் காரணம். நம்ப முடியாத மலிவில் விற்கும் 1 டி.பி. கார்டுகளிடத்தில் எச்சரிக்கையாயிருங்கள். கணினியைக்கூட ஏமாற்றும்படி போலி அளவு பதிக்கப்பட்ட கார்டுகள் சந்தையில் உலவுகின்றன. உண்மையான இடம் நிறைந்ததும் அவை பழைய பாடல்களை அழித்துவிடும்.

பாட்டு ஏற்றும்போது இரண்டு சிக்கல்கள் எழும். தமிழில் பெயரிட்ட பாடல்கள் சிறு திரையில் வெறும் கட்டங்களாகத் தெரியலாம். ஆகவே 001, 002 என்று எண்ணிட்டு, தலைப்புகளை ஒரு தாளில் தனியே எழுதி வைப்பது நன்று. இரண்டாவது, இத்தகைய பெட்டிகள் பல, பெயர் வரிசைப்படி அன்று, கார்டில் எந்த வரிசையில் பாடல்கள் ஏறினவோ அந்த வரிசைப்படியே ஒலிக்கும். எனவே ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகவே ஏற்ற வேண்டும்.

பாட்டு எங்கிருந்து?

“ஆயிரம் பாட்டு ஏற்றித் தருகிறோம்” என்று சிறு தொகைக்குக் கார்டை நிரப்பித் தரும் கடைகள் ஊர்தோறும் உள. அந்த ஆயிரத்தில் நாம் விரும்புவன ஐம்பதுகூட இருப்பதில்லை. பிள்ளைகள் கேட்கத் தகாதனவும் இடையே வரும். இவற்றிற்கும் மேலாக, பாடியவர்க்கும், இசையமைத்தவர்க்கும், எழுதியவர்க்கும் சேர வேண்டிய ஊதியம் அங்கே மறுக்கப்படுகிறது. வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்பதை நாம் மறக்கலாமா?

அலைபேசிச் செயலிகளில் ‘பதிவிறக்கிய’ பாடல்களை இப்பெட்டிக்கு மாற்ற இயலுமா என்று கேட்பர். சந்தா செலுத்திக் கேட்கும் செயலிகளில் அவை பூட்டப்பட்டே இருக்கும். வெளியே எடுத்தல் இயலாது. விலை கொடுத்து வாங்கிய குறுந்தகடுகளும், வீட்டில் உறங்கும் கேசட்டுகளுமே நம் முதற் கருவூலம். மாதத்திற்கு ஒரு குறுந்தகடாகச் சேர்த்தாலும், ஆண்டிறுதியில் நாமே தேர்ந்த தொகுப்பு நம்மிடம் இருக்கும்.

காதுக்கும் ஒரு கணக்கு

பெட்டியின் விலையைப் பணத்தால் கொடுத்து முடிக்கிறோம். கவனமின்றிக் கேட்பதன் விலையையோ செவியால் கொடுக்க நேரும். உலக நலவாழ்வு நிறுவனம் தரும் அளவு இது: 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரமே. பத்து டெசிபல் கூடும்போது ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிவிடுவதால், நேரம் பத்திலொன்றாகக் குறைகிறது. பிள்ளைகளுக்கு 75 டெசிபலே எல்லை.

உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஒரு முறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேருந்தின் இரைச்சலை வெல்ல இளைஞர் ஒலியைக் கூட்டுகின்றனர். இறங்கிய பின்னும் அதைக் குறைப்பதில்லை. முழு ஒலியில் பத்தில் ஆறு பங்கைத் தாண்டாதிருப்பதும், மணிக்கொரு முறை செவிக்கு ஓய்வளிப்பதும் நல்ல வழக்கங்கள். கேட்டு முடித்ததும் காதில் ரீங்காரம் எழுமானால் அது எச்சரிக்கை மணி. சாலையிலும் இரயில் பாதையருகிலும் இயர்போன் அறவே வேண்டாம். முதியவர் நாளுக்கு நாள் ஒலியைக் கூட்டுகிறார் எனின், பெட்டியைக் குறை கூறாது காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பரணிலிருந்த கேசட்

அப்பெண்ணிடம் இவற்றையெல்லாம் கூறி முடித்தபோது, பெரியவர் தயங்கியபடி ஒன்று கேட்டார். “சாமி, எங்க கல்யாணத்துக்குப் பிறகு கோவில் பாடகர் குழு பாடினதை டேப் ரிக்கார்டர்ல பிடிச்சோம். அவளும் அதுல பாடியிருக்கா. கேசட் பரண்ல இருக்கு. அது இந்தப் பெட்டியில வருமா?”

வரும். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். பழைய நாடாவை எடுத்தவுடன் ஓட்டக் கூடாது. பூஞ்சை படிந்துள்ளதா, நாடாவை அழுத்தும் சிறு கம்பளித் துண்டு கழன்றுள்ளதா என்று முதலில் பார்த்தோம். டேப் ரிக்கார்டரின் தலைப்பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தோம். நாடாவை ஒரு முறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, கம்பி வழியே கணினியில் இணைத்து, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் பதிவு செய்தோம். இதில் குறுக்கு வழி கிடையாது. அறுபது நிமிட நாடா பதிவாக அறுபது நிமிடமே ஆகும். சுருக்காத மூலப் பதிவு ஒன்றைப் பாதுகாப்பாக வைத்து, அதிலிருந்து எம்.பி.3 படி எடுத்தோம். மூலத்தை இரண்டு இடங்களில் வைக்கும்படி பேத்தியிடம் சொன்னேன்.

அன்பு வாசகர்களே, உங்கள் பரண்களிலும் இத்தகைய நாடாக்கள் இருக்கக்கூடும். திருமணத்தில் பேசிய தந்தையின் குரல், தாலாட்டுப் பாடிய பாட்டியின் குரல் அவற்றில் உறங்கலாம். நாடா ஆண்டுக்காண்டு நலிந்துகொண்டே வருகிறது. ஓட்டும் கருவிகளும் அருகி வருகின்றன. கடையில் விற்கும் பாட்டை என்றேனும் வாங்கலாம். இவற்றை எங்கு வாங்குவது?

மீண்டும் திண்ணையில்

மூன்று வாரங்கள் சென்று அவ்வழியே போனேன். தொலைவிலேயே பாட்டு கேட்டது. எண் பொத்தான்கள் உள்ள சிறு பெட்டி, பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். 32 ஜி.பி. கார்டையும் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் அடங்கிற்று என்றாள் பேத்தி. ஐந்து என்னும் பொத்தானின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அவள் ஒட்டியிருந்தாள். விரல் அந்தப் பொட்டைத் தடவி அறிந்து, மற்ற எண்களைத் தானே கண்டுகொள்கிறது. வருகைப் பதிவேட்டில் மாணவர்களின் எண்களை நினைவில் வைத்திருந்த ஆசிரியரல்லவா? எழுபது பாடல்களின் எண்களும் அவருக்கு மனப்பாடம்.

“எது வேணும், சொல்லுங்க சாமி. நானே போடுறேன்” என்றார். அந்த ‘நானே’ என்னும் சொல்லில் இருந்த பெருமிதத்தை என்னால் எழுத்தில் வடிக்க இயலவில்லை.

“உங்களுக்குப் பிடித்ததையே போடுங்கள், ஐயா” என்றேன்.

அவர் விரல் பொட்டைத் தொட்டு, மேலேறி, ஒன்றாம் எண்ணை அழுத்திற்று. நாடாவின் மெல்லிய இரைச்சல் முதலில் எழுந்தது. அதனூடே ஆர்மோனியம் ஒலித்தது. பின்பு பல பெண் குரல்கள். எது அவருடைய துணைவியாரின் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது, அவருக்குத் தெரிந்தது என்பது மட்டும் விளங்கிற்று.

பாட்டுப்பெட்டி வாங்கச் செல்வோரே, விலைச் சீட்டைப் பார்க்குமுன் அதைப் பிடிக்கப்போகும் கையை எண்ணிப் பாருங்கள். அந்தக் கை பிறர் உதவியின்றி இயக்கக்கூடிய பெட்டி எதுவோ, அதுவே உங்கள் வீட்டுக்கு ஏற்றது.